இடது பக்கத்து ரப்பர்

"பக்கத்து சீட்ல உக்கார்றது நீங்க இல்லையே மேடம்?" என்றார் மெக்கானிக், அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு.

கணவர் மறந்துவிட்டுப் போன வண்டிப் பேப்பரைக் கொடுக்க வந்தவள் அவள். காலையில்தான் அவர் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இங்கே விட்டிருந்தார். ரெண்டே சீட். ஐம்பது வயதில் இந்த மனுஷனுக்கு ஏன் இந்த வேலை என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்த வண்டி.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

மெக்கானிக் ரெண்டு பழைய புஷ்ஷை எடுத்து வந்தார். பின்சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் உட்கார்ந்து, குலுக்கலை எல்லாம் தான் வாங்கிக்கொள்கிற ரப்பர் உருளைகள்.

"இது வலது. சார் உக்கார்ற பக்கம். வயசுக்கு ஏத்த தேய்மானம், அவ்வளவுதான். இது இடது. பாருங்க, ஒரே பக்கமா அமுங்கி எப்படி வாயைப் பிளந்திருக்கு. நல்ல கனமான ஆள் மேடம். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. மெதுவா உக்கார்ற பழக்கமும் கிடையாது, தொப்புன்னு விழற ஆள். வாரத்துல ரெண்டு மூணு நாளாவது ஏறணும். நீங்க ஐம்பதுகூடத் தேற மாட்டீங்க."

அவள் அந்த ரப்பரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை அளவு இல்லை. இது இவ்வளவு பேசுமா? இதைப் படிக்க ஒரு மனுஷனா?

பிரமிப்பு அடங்கியதும் மனசுக்குள் நாள் கணக்குப் போட்டாள். திங்கள், புதன், வெள்ளி. விடிந்தும் விடியாமலும் "சும்மா ஒரு ரவுண்டு" என்று கிளம்பிவிடுவார். அப்படியே ஆபீஸ். பத்து மணி வரை போனை எடுக்க மாட்டார். நானும் வரவா என்று ஒரு தடவை கேட்டதற்கு, "தாழ்வான வண்டிம்மா, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று அக்கறையாக மழுப்பினார்.

"யாரு அந்த ஆளு?"

"எனக்கெப்படித் தெரியும்? பதினோரு மணிக்கு சாரே கூட்டிட்டு வர்றாரு. நான்தான் வரச் சொன்னேன்."

"எதுக்கு?"

"சக்கரம் தொங்கிட்டிருக்கும்போதே போல்ட்டை முறுக்கிட்டா, வண்டியை இறக்கினதும் புது ரப்பர் முறுக்கிக்கும். மூணே மாசத்துல கிழியும். பாதிக் கடையில இந்தத் தப்பைத்தான் பண்றாங்க. வண்டி தரையில நிக்கணும், வழக்கமா உக்கார்றவங்க உக்காரணும், அப்புறம்தான் கடைசி முறுக்கு."

அவள் டயர் அடுக்குக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். நிற்குமா நிற்காதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தொண்ணூறு கிலோ என்பதுதான் கொஞ்சம் இடித்தது. போகட்டும், ரசனை கெட்ட மனுஷன்.

அழப்போவதில்லை. உறவை அறுத்துவிடுவது அவளுக்கு ஒன்றும் புதுசில்லை. அம்மா ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத சொந்த அண்ணனையே அறுத்து எறிந்தவள். "இனிமே என் முன்னாடி அவன் பேரை எடுத்தா, இந்த வீட்ல நான் இருக்க மாட்டேன்" என்று அன்றைக்கே கணவரிடம் சொல்லிவிட்டாள். ஏழு வருஷமாக அவரும் எடுத்ததில்லை. சொன்ன சொல்லைத் தட்டாத மனுஷன் என்று அதில் அவளுக்குப் பெருமைகூட.

வாசலில் டாக்ஸி நின்றது.

கணவர் முதலில் இறங்கினார். சுற்றி ஓடி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார். அவளுக்கு ஒரு நாளாவது இப்படிக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாரா? குனிந்து ரெண்டு கையையும் நீட்டினார்.

"மச்சான், முதல்ல காலை வெளியே வைங்க. அவசரமில்லை."

மச்சானா? அவருக்கு மச்சான் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர்தான்.

கைத்தடி வந்தது. வீங்கிய பாதம் வந்தது. முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டிய கை வந்தது. பிறகு, முகம் கறுத்து, தலை முழுக்க நரைத்து, அவள் அண்ணன் வந்தான். நாலடி நடப்பதற்குள் ரெண்டு தடவை நின்றான். கார் சீட்டில் தொப்பென்று விழுந்தான். வண்டியின் இடது பின்பக்கம் ஒரு விரற்கடை இறங்கியது.

"அதே எடைதான்," என்றார் மெக்கானிக், வண்டிக்கு அடியில் இருந்த வேலைப் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டே. "சார், நீங்களும் ஏறுங்க. முறுக்கி முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் அசையக் கூடாது."

அவள் எழுந்து வந்து ஜன்னலோரம் நின்றாள்.

உள்ளே ரெண்டு பேரும் அவளைப் பார்த்துவிட்டார்கள். இறங்கி ஓடவும் வழியில்லை. அண்ணன் தலையைக் குனிந்து தன் முழங்காலையே பார்த்தான்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்," என்றார் கணவர். "வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். பஸ் ஏற முடியலை."

கீழே ஸ்பேனர் கடக் கடக் என்று முறுக்கிக்கொண்டிருந்தது. ரெண்டு வருஷம். ஒரே வீடு, ஒரே மேஜை, ஒரு சின்ன முணுமுணுப்புகூட இல்லை. இந்த மனுஷனோடுதான் இத்தனை நாள் இருந்தோமா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கை தானாக ஜன்னல் வழியே நீண்டு அண்ணன் தோளில் விழுந்தது.

"மேலே யாரோ கை வைக்கிறீங்க," என்றது பள்ளத்திலிருந்து குரல்.

அவள் கையை எடுக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"பேரை எடுக்கக் கூடாதுன்னு சொன்னே," என்றார் அவர், ஸ்டீரிங்கைப் பார்த்தபடி. "இப்பவும் நான் எடுக்கலை. நீயே கூப்பிடு."