வண்டி எண்ணிய நாள்

தலைவர் முக்கில் காரைத் திருப்பி, மறுபடியும் தன் தெருவுக்குள்ளேயே நுழைந்தார். தலை சுற்றுகிறது, இறக்கிவிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனைவி, பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

எங்கேயும் போவதற்காக அவர் வண்டியை எடுக்கவில்லை. தெருக்கோடிக் காலி மனையில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது. அதையொட்டி, தெருவில் ஓடுகிற வண்டிகளை எண்ண நகராட்சி ஆட்கள் வந்திருந்தார்கள். ரோடு ஏற்கெனவே நிரம்பி வழிந்தால் கட்டடத்துக்கு அனுமதி கிடைக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் சும்மா இருப்பாரா? வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இன்று எந்த வண்டியும் வாசலில் நிற்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய் உத்தரவு போட்டார். எதிர்வீட்டுத் தையல்காரர் மனைவியின் ஸ்கூட்டரில் சுற்றினார். தலைவரோடு பேச்சுவார்த்தையே இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்கூட வேனை எடுத்தார்.

இத்தனை பாடும் மகளுக்காக. பல் டாக்டரான அவளுக்கு ரோட்டை ஒட்டி முன் அறை கட்டி முடித்திருந்தார். அடுத்த வாரம் கிளினிக் திறப்பு. வாசலில் ஓயாமல் ஹாரன் அலறினால் எந்த நோயாளி நிம்மதியாக வாயைத் திறப்பான் என்பதுதான் அவர் கவலை.

நகராட்சி இன்ஜினியர் மேடத்தைக் காலையிலேயே சிநேகம் பிடித்து வைத்திருந்தார். ரோட்டிலிருந்து வீட்டுச் சுவர்வரை அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்ததே இவர்தான்.

சாயங்காலம் மேடம் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"இவ்வளவு நெரிசல் இருக்கும்னு நாங்க நினைக்கவே இல்லை சார்."

தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்போ அந்த அடுக்குமாடி வராதில்ல?"

"அதுக்கு அனுமதி போன மாசமே கொடுத்தாச்சே. இந்த ரோடு தாங்குமா, அகலப்படுத்தணுமான்னு பாக்கத்தான் வந்தோம். தாங்கும்னுதான் நினைச்சிருந்தோம்."

காரிலிருந்து தட்டுத்தடுமாறி இறங்கிய மனைவி, கணவரையும் முன் அறையையும் மாறிமாறிப் பார்த்தாள். மேடத்துக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முன் ரூமை மட்டும் காலி பண்ணி வைங்க சார்."