வளைவில் ஏழு கோடுகள்

“இந்தக் கோட்டைப் போட்டவன் யாருன்னு இப்பவே தெரிஞ்சாகணும். இல்லேன்னா அஞ்சே நிமிஷத்துல கறுப்பு பெயின்ட் அடிச்சு அழிச்சிடுவேன்!”

போக்குவரத்து அலுவலகத்தின் பெரிய அதிகாரி அரிஸ்தீதெஸ் போட்ட சத்தத்தில், சாலையோரம் பலகாரம் விற்கும் ஒவீதியாவின் சட்டியில் கிடந்த எம்பனாடாக்கள், அந்த உப்பு சோமாசிகள், ஒரு நொடி பொரிவதை மறந்தன.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குச் சற்று மேலே, மலைச்சாலை திரும்பும் வளைவில் ஏழு வெள்ளைக் கோடுகள் முளைத்திருந்தன. அதுவரை பிள்ளைகள் கோழிக்குஞ்சுகளாகச் சிதறி ஓடித்தான் சாலையைக் கடந்தார்கள். சரிவில் இறங்கும் பஸ்ஸின் ஹாரன் கேட்டால் ஒவீதியா கரண்டியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வாள். இப்போதோ பஸ் நிற்கிறது. பிள்ளைகள் கல்யாண ஊர்வலம் போல நடக்கிறார்கள்.

அதைத்தான் அழிக்க வந்திருந்தார்கள். வண்டியில் கறுப்பு பெயின்ட் டப்பாவோடு இரண்டு ஆட்கள். அதிகாரியின் பின்னால் அளவு டேப்போடு உதவிப் பொறியாளன் நோர்பெய். ஒல்லியான, வாயில்லாப் பூச்சி.

“ஆள் யாரா இருந்தாலும் சரி, அவன் வேலைக்கு உலை வச்சிடுவேன்” என்றார் அதிகாரி.

“சார்... வந்து...” என்று நோர்பெய் இழுத்தான்.

“நீ சும்மா இரு தம்பி, பெரியவங்க பேசறப்போ!” என்று ஒவீதியா அவனை அதட்டிவிட்டு, கையை ஏப்ரனில் துடைத்தபடி நடுச்சாலைக்கு வந்தாள். “கோட்டைப் போட்டது நான்தான்.”

“நீங்களா?”

“ஏன், எம்பனாடா சுடறவ கோடு போடக் கூடாதா? நான் இந்தக் குடியிருப்புச் சங்கத்தோட தலைவி. தெருவே கூடி கொன்வீத்தே போட்டோம், ஆளுக்கொரு வேலை, எல்லாருக்கும் ஒரே பானைச் சாப்பாடு. இந்தப் படிக்கட்டு, அந்தக் கழிவுநீர்க் குழாய் எல்லாம் அப்படிக் கூடிச் செஞ்சதுதானே? உங்க ஆபீஸ்லேர்ந்தா வந்து செஞ்சாங்க?”

முடிதிருத்தும் கில்தார்தோ கத்தரிக்கோலோடு ஓடிவந்தான். “ஆமா சார்! பெயின்ட் கலக்கினது நான்!”

“உன் தலைக்கே சாயம் ஒழுங்காக் கலக்கத் தெரியலை” என்றார் அதிகாரி. கூட்டம் சிரித்தது. “கொன்வீத்தேன்னா நடுத்தெருவுல பெரிய பானையில சூப் கொதிச்சிருக்கணுமே?”

“கொதிச்சுது. நீங்க வரலை, தீர்ந்துபோச்சு” என்றாள் ஒவீதியா.

அவர் விடவில்லை. “சரி. ஒரு கோடு எவ்வளவு அகலம்?”

“என் தட்டு அகலம்” என்று தட்டைத் தூக்கிக் காட்டினாள். நோர்பெய் தட்டை அளந்தான்; கோட்டை அளந்தான். இரண்டும் நாற்பது சென்டிமீட்டர்.

“சார், இவங்க பாவம், இவங்களை விட்டுடுங்க. உண்மையில இது...”

“அளக்க வந்தா அளந்துட்டுப் போயேன்! உன் வாயில கொழுக்கட்டையா வைக்கணும்?” ஒவீதியா சீறியதில் அவன் டேப்பைக் கீழே போட்டுவிட்டான்.

அரிஸ்தீதெஸ் வளைவுக்கு மேலே ஏறிப் போனார். பஸ் ஓட்டுநர் உட்காரும் உயரத்துக்கு எம்பிப் பார்த்தார். இறங்கி வந்தபோது குரல் மாறியிருந்தது.

“பள்ளி வாசல்ல போடாம, ஏன் பன்னெண்டு மீட்டர் மேலே தள்ளிப் போட்டீங்க?”

“வாசல் வளைவுக்கு அந்தப் பக்கம் மறைஞ்சு கிடக்கு. பஸ்காரன் கண்ணுக்குத் தெரியறப்போ பிரேக் பிடிக்க நேரமிருக்காது. அதோட, பிள்ளைங்க படிக்கட்டுல இறங்கி நேரா இங்கதான் ஓடிவரும். கால் போற இடத்துலதானே கோடு இருக்கணும்?”

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். அவரும் ஒரு காலத்தில் தெருத்தெருவாக நடந்து அளந்த பொறியாளர்தான்.

“முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கறேன். வாசல்லதான் நானும் போட்டிருப்பேன். பிள்ளைங்க சுத்தி நடக்க மாட்டாங்க, வழக்கம்போல குறுக்கே ஓடியிருப்பாங்க.” ஏழு கோடுகளையும் ஒருமுறை நடந்து பார்த்தார். “யாரோ எத்தனையோ நாள் இங்கேயே நின்னு, கண்ணால தெருவைப் படிச்சுப் போட்ட கோடு இது. சங்கம் கூடிச் செஞ்ச வேலை, அளவும் சரி, சட்டப்படி ஏத்துக்கலாம். கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே பலகையும் நடச் சொல்றேன்.”

தெரு கைதட்டியது. கறுப்பு டப்பா திறக்கப்படாமலேயே வண்டியில் ஏறியது. அதிகாரியும் ஏறிக்கொண்டார்.

நோர்பெய் மட்டும் படிவத்தை நிரப்பப் பின்தங்கினான். ஒவீதியா பெயர் எழுதிக் கையெழுத்திட்டு, சூடான எம்பனாடா இரண்டைக் காகிதத்தில் சுற்றி அவன் கையில் திணித்தாள்.

“அக்கா,” அவன் படிவத்தை மடித்தான், “நெசமா இதை யார் போட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? அந்தத் திங்கட்கிழமை விடிகாலை நாலு மணிக்கு மாவு பிசைய எழுந்து ஜன்னலைத் திறந்தவளாச்சே. அடுத்த கோடு போட வர்றப்போ, கோடு நேரா வர இழுத்துக் கட்டற கயித்தோட மறுமுனையைக் கல்லுல கட்டி அல்லாடாதே தம்பி. கதவைத் தட்டு, நான் வந்து பிடிச்சுக்கறேன்.”