கட்டணமில்லா எண்ணுக்கு எழுபத்து நாலு ரூபாய்

பில்லின் கடைசிப் பக்கத்தில் வந்து நின்றது மாமனாரின் இடது கைச் சுட்டுவிரல். வலது கை ரசம் சோற்றில் இருந்தது.

பரிமாறிக்கொண்டிருந்த மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

வீட்டில் ஐந்து போன். ஐந்தும் அவர் பெயரில். பில் கடைக்கு வரும், கடையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வரும். ஈரோட்டில் முப்பது வருடமாகப் பாத்திரக் கடை. சரக்கு பில்லை எப்படிப் படிப்பாரோ அப்படித்தான் போன் பில்லையும் படிப்பார். வரி வரியாக, உள்ளே திருடன் ஒளிந்திருப்பதைப் போல.

"ஏனம்மணி, இதென்ன ஓசி நம்பரு? பதினோரு தடவ பேசீருக்கறே. எழுவத்தி நாலு ரூவா அம்பது காசு."

பதினோரு தடவை. சரிதான். அவளும் எண்ணி வைத்திருந்தாள்.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், கட்டணமில்லா எண் என்று. காசு பிடிக்காத அழைப்பு பில்லில் ஏறாது. பில்லில் ஏறாதது இந்த வீட்டில் நடக்காததற்குச் சமம். அதை நம்பித்தான் துணிந்தாள்.

பிறந்த வீடு கரூரில் மொத்த மளிகை. ஓசி என்று யாராவது எதையாவது நீட்டினால், வாங்குவதற்கு முன் அடியைத் திருப்பிப் பார்க்கும் குடும்பம். அவள் இதை மட்டும் திருப்பிப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

எண் ஒரு குக்கர் கம்பெனியுடையது. மாவட்டத்துக்கு ஓர் ஏஜென்ஸி தருகிறார்கள். மாமனாருக்கே அதன்மேல் பழைய ஆசை உண்டு. முன்பணத்தைக் குறைக்கச் சொல்லி இரண்டு வருடம் இழுத்தார். கம்பெனியிலிருந்து வந்த ஆள் காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவள் குறைக்கச் சொல்லவில்லை. தன் நகையை அடகு வைத்து, தன் பெயரில் முன்பணம் கட்டினாள்.

பதினோராவது அழைப்பில், திங்கட்கிழமை கோயம்புத்தூர் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வராவிட்டால் ஏஜென்ஸி அடுத்த ஆளுக்கு. முன்பணம் திரும்பாது.

இன்று சனி.

அதற்குள் தெரிந்தால் இவர் விட மாட்டார். கல்யாணமான புதிதில் கல்லாவில் உட்காரட்டுமா என்று கேட்டாள். "அடுப்புல பருப்பு தீயுது பாரு" என்றார். அடுப்பில் பருப்பே இல்லை.

"மிக்ஸி ரிப்பேருக்குப் பண்ணியிருப்பாப்பா," என்றான் கணவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. சண்டை வருவதற்குள் சாப்பாடு இறங்கிவிட வேண்டும் அவனுக்கு.

நல்ல பொய். விலையும் மலிவு. தலையை ஆட்டினால் போதும்.

அவள் ஆட்டவில்லை.

"எதுக்கோ பண்ணீட்டுப் போறா," என்றார் மாமனார். "ஓசின்னு போர்டு வெச்சுட்டு என்ர காசப் புடுங்கறானா அவன்?"

"போன் கம்பெனியத்தான் கேக்கோணும்," என்றான் கணவன்.

"அவன் சும தூக்கறவன்டா. போர்டு வெச்சவனக் கேப்போம். அம்மணி, உன்ர போன்லயே போடு. ஸ்பீக்கர்ல போடு."

பேரம் என்றால் அவருக்கு ஸ்பீக்கர் வேண்டும். தான் ஜெயிப்பதைக் கேட்க நாலு காது வேண்டும்.

போன் அவள் கையில்.

ஓர் இலக்கத்தை மாற்றி அமுக்கினால் தீர்ந்தது. லைன் கிடைக்கலீங்க மாமா என்றால் திங்கள் வரைக்கும் தாங்கும்.

தாங்கும். செவ்வாய்க்கிழமை இன்னொரு பொய் கொள்முதல் செய்ய வேண்டும். சரக்கு லாரி வாசலில் வந்து நிற்கும் நாளில் மொத்தமாக ஒரு மூட்டை.

கடை திறக்கப் போகிறவள் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டா திறப்பாள்?

பில்லைப் பார்க்காமலே பதினோரு இலக்கத்தையும் அமுக்கினாள்.

கணவன் நிமிர்ந்தான்.

தமிழுக்கு ஒன்று என்றது பதிவு செய்த குரல். அமுக்கினாள். அடுத்து எதற்கு எது என்று அது நீட்டி முழக்குவதற்குள் மூன்றை அமுக்கினாள்.

கணவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"வணக்கம், ஏஜென்ஸி பிரிவு," என்றது ஒரு பெண் குரல்.

மாமனார் தொண்டையைச் செருமினார். முதல் விலையைச் சொல்லப் போகும்போது அப்படித்தான் செருமுவார்.

அவள் முந்திக்கொண்டாள்.

"ஈரோட்டுல இருந்து பூங்கோதை பேசறேனுங்க. மாவட்ட ஏஜென்ஸி எடுத்திருக்கறனே, அதே பூங்கோதைதான். திங்கக்கெழம கையெழுத்துப் போட வந்தர்றேன். அதுல மாத்தமில்லீங்க."

"சரிங்க மேடம். காலைல பத்து மணிக்கு வந்திருங்க."



அவள் போனை வைக்கவில்லை.

"அதுக்கு முன்னால ஒண்ணுங்க. உங்க ஓசி நம்பருக்குப் பேசி எங்களுக்கு எழுவத்தி நாலு ரூவா அம்பது காசு போயிருச்சு. எங்க மாமனார் அதக் கேக்கோணுமாம். விட்டுக் குடுக்க மாட்டாருங்க, சொல்லிட்டேன்."

போனை அவர் வாயருகே நீட்டினாள்.

"கேளுங்க மாமா."

அந்தரத்தில் நின்ற வலது கையிலிருந்து ரசம் முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பில்லைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். மறுபடியும் பில்லைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்," என்றது போன்.