பசுவை இழுத்த பஜேரோ

“அய்யா, உள்ள ஏசி, தோல் சீட்டு. ராசா கணக்காப் போகலாம்” என்றார் வைகுண்டராஜ். பழனிசெட்டிபட்டியில் பழைய கார்களை வாங்கி விற்பவர் அவர்.

வண்டி வாங்க வந்த பெரியவர் சங்கிலி, சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “சீட்டை விடப்பா. பாரத்தோட மலையேறுமா? பாதியில நின்னுருச்சுன்னா?”

“பஜேரோ அய்யா! யானையைக் கட்டினாலும் இழுக்கும்.”

“விக்கிற வரைக்கும் எல்லாரும் இப்படித்தேன் சொல்லுவீக. யானையெல்லாம் வேணாம், என் மாட்டை இழுத்துக் காட்டு.”

சின்னமனூரில் அவருடைய தொழுவத்துக்குப் போய், பசுவையும் கன்றையும் டிரெய்லரில் ஏற்றி வண்டிக்குப் பின்னால் மாட்டினார்கள். மேகமலைப் பாதையில் வண்டி திணறாமல் ஏறியது.

“போதுமா அய்யா?” என்று வளைவுக்கு வளைவு கேட்டார் வைகுண்டராஜ்.

“இன்னும் மேல போ.”

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் வந்ததும்தான் “நிப்பாட்டு” என்றார் சங்கிலி. கைக்குழந்தையோடு வெளியே வந்த பெண் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“யாரு அய்யா இது?” என்று கேட்டார் வைகுண்டராஜ்.

“என் மக ஜக்கம்மா. என் பேச்சைக் கேக்காம இங்கன வந்து கல்யாணம் கட்டிக்கிட்டா. மூணு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல.”

சங்கிலி இறங்கினார். “என்ன ஆத்தா பாக்குற? வண்டி வாங்கலாம்னு ஓட்டிப் பாக்க வந்தேன்” என்றார் விறைப்பாக.

“உள்ள வாங்கப்பா” என்றாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

வைகுண்டராஜ் தயங்கினார். “அப்ப மாட்டைத் திருப்பிக் கொண்டு போகலாமா அய்யா?”

“அது இங்கனயே இருக்கட்டும். பேத்திக்குப் பால் வேணும்ல?”

“அப்ப வண்டி?”

“எடுத்துக்கிறேன். வாரா வாரம் மாட்டுக்குத் தீவனம் கொண்டாந்து போடணும்ல” என்றார் சங்கிலி, பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டே.