தலையில் ஒரு கட்டை

இருட்டிய பிறகு மெக்கானிக் ஷெட்டுக்குள் 'கிரீச், கிரீச்' என்று ஒரு சத்தம். மூலையிலிருந்த, வண்டியைத் தூக்கி நிறுத்தும் பழைய ஜாக்கி திடுக்கிட்டுப் பார்த்தது. நாலு சக்கரத்தில் புத்தம்புது ஜாக்கி ஒன்று உருண்டு வந்துகொண்டிருந்தது. சிவப்பு பெயிண்ட், நீளமான கைப்பிடி. பழசுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"வணக்கம் அண்ணே," என்றது புதுசு.

"ரெண்டு நாள்ல பெயிண்ட் உரிஞ்சுடும். அப்புறம் வணக்கம் சொல்லு."

வாசலில் உயரமான பிக்கப் வண்டி ஒன்று நின்றது. மெக்கானிக் பெலிக்ஸ் கைப்பழக்கத்தில் பழசையே எடுத்தார்.

"அண்ணே, நீங்க கார் தூக்குற ஆளாச்சே, என் உயரத்துக்கு எட்டுவீங்களா?" என்று கேட்டது பிக்கப்.

"தலையில ஒரு கட்டை வச்சா எட்டுவேன். அந்தப் புதுப் பய உன்னைத் தொடக்கூடாது!"

கட்டை வைத்ததும் எட்டியது; வண்டி மேலே எழுந்தது. பெலிக்ஸ் மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்தார். கட்டை ஒரு விரற்கடை நழுவியது. பழசு புதுசைக் கூப்பிடாமல் பல்லைக் கடித்துத் தாங்கியது. முற்றத்துக்கு அப்பால் அவர் வீட்டில் கைக்குழந்தை அழுதது. கதவு அவருக்காகத் திறந்தே கிடந்தது. கட்டை இன்னொரு விரற்கடை நழுவியது.

"டேய் தம்பி! என்னால முடியலடா, ஓடி வா!"

புதுசு உருண்டு வந்து தோள் கொடுத்த அதே நொடி கட்டை தெறித்து விழுந்தது. வண்டி அசையவில்லை.

பெலிக்ஸ் வெளியே வந்து, கட்டையை வெகுநேரம் பார்த்தார்; விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

"இருட்டுலகூட ரொம்பத்தான் மினுக்குறே," என்று முணுமுணுத்தது பழசு.

இரண்டும் காது கொடுத்துக் காத்திருந்தன. கடைசியில், முற்றத்துக்கு அப்பால், அந்தக் கதவு மூடி, உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.