சார்ஜ் நிற்காத டோர்ச்

"நானா, சீக்கிரமா சார்ஜ் எறங்குற டோர்ச் ஒண்ணு தாங்க."

பவாஸ் திகைத்தார். தெரணியகலையில் இத்தனை வருடமாகக் கடை வைத்திருக்கிறார். இப்படி யாரும் கேட்டதில்லை. வந்த பெண்ணும் ஊருக்குப் புதியவள்.

"ஏன் தங்கச்சி?"

"கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகல. எங்க வீட்டுக்காரரு வேல முடிஞ்சதும் கூட்டாளி வீட்டுக்குப் போயிருவாரு. நல்ல டோர்ச் கையில இருக்கு, எந்நேரம்னாலும் தோட்டத்து வீட்டுக்கு ஏறி வந்துறலாம்னு தைரியம். நான் சோத்த ஆக்கி வச்சிட்டுத் தனியா ஒக்காந்திருக்கேன்."

"புது மாப்பிள்ளையப் பிடிச்சு வச்சிக்கிறானே, அந்தக் கூட்டாளிக்கு மூளை இல்லையா?"

விலைபோகாமல் கிடந்த மஞ்சள் டோர்ச்சைத் துடைத்துக் கொடுத்தார்.

"இது அரை மணி நேரம் எரிஞ்சா பெரிய விஷயம்."

மறுநாள் இரவு, பவாஸ் வீட்டில் வழக்கமான கெரம் ஆட்டம். பவாஸ் சிவப்புக் காயைக் குறிவைத்தபோது, எதிரே இருந்த நிரோஷன் எழுந்தான்.

"நான் போறேன் நானா. பொஞ்சாதி வாங்கிக் குடுத்த டோர்ச், வரும்போதே மங்கிருச்சு."

அவன் கையில் மஞ்சள் டோர்ச்.

பவாஸின் அடி குறி தவறியது.

அவன் போனதும், பவாஸின் மனைவி பஸ்னா வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ளைய ஒங்கட கடைக்கு அனுப்பினதே நான்தான். சரி, இனி என்னோட ஆடுங்க."