பாதி ஆட்டத்தில் வந்த அழைப்பு

“கர்ட், கையுறையைக் கழட்டு. இன்னைக்கு நீ ஆடினது போதும்.”

கர்ட் நிமிர்ந்து பார்த்தான். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து அப்போதுதான் ஆட்டக்காரர்களின் கொட்டகைக்குள் வந்து, தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்திருந்தான். எதிரே நின்றவர் கோச் ஹாஸ்கின்ஸ்.

“ஏன் கோச்? என்ன தப்பு பண்ணிட்டேன்? இன்னைக்கு நல்லாத்தானே அடிச்சுக்கிட்டிருக்கேன்!”

“தப்பு ஒண்ணும் இல்லை. கழட்டுடா.”

“எனக்கு அடிகூட எதுவும் படலையே?”

“தெரியும்.”

பெஞ்சில் யாரோ மட்டையைக் கீழே போட்டார்கள். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றன.

பேஸ்பாலின் சின்ன லீக்கில் இருப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. அடிபடாதவனை, நன்றாக ஆடிக்கொண்டிருப்பவனைப் பாதி ஆட்டத்தில் வெளியே எடுத்தால் காரணம் ஒன்றுதான். பெரிய லீக்கிலிருந்து ஃபோன் வந்துவிட்டது. விமானம் ஏறும் முன் அவன் கால் கை பிசகிவிடக் கூடாது. போதாக்குறைக்கு, பெரிய அணியில் கர்ட்டைப் போலவே இரண்டாம் பேஸில் நின்று ஆடுபவன் முந்தின நாள்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியேறியிருந்தான்.

“டேய்! நம்ம கர்ட்டுக்கு வந்திடுச்சுடா!” என்று எலியேசர் கத்தினான்.

அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் வந்து கட்டிப்பிடித்தார்கள். முதுகில் அறைந்தார்கள். ஒருவன் அவன் தொப்பியைப் பிடுங்கி வானத்தில் எறிந்தான்.

“அங்கே போயி எங்களை மறந்துடாதே, பெரிய மனுஷா!”

“ஓட்டல்ல தனி ரூம் தருவாங்களாம்டா. இவன் குறட்டைக்கு நமக்கு விடுதலை!”

கர்ட்டுக்கு முப்பத்தோரு வயது. இத்தனை வருஷமாகப் பேருந்திலேயே தூங்கி, பேருந்திலேயே விழித்தவன். இந்தக் கோடையின் தொடக்கத்தில் மனைவி மரிபெத்திடம் சத்தியம் செய்திருந்தான். “இந்த ஒரு சீசன்தான். கூப்பிடலைன்னா ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டுட்டு, உங்கப்பா கடையில வந்து டயர் மாத்தறேன்.” சீசன் முடியப் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள்தான் மீதி. ஒரே ஒரு நாள் பெரிய லீக் மைதானத்தின் புல்லை மிதித்தால் போதும் என்று அவன் வேண்டாத தெய்வம் இல்லை.

அவன் வாய்விட்டு அழுதான்.

அழுகைக்கு நடுவே ஹாஸ்கின்ஸைப் பார்த்தான். அவர் தூணில் சாய்ந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

கர்ட்டின் நெஞ்சில் ஏதோ தைத்தது.

ஹாஸ்கின்ஸின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதினான்கு வருஷம் ஆடியவர். இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், எவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் அவன் இடம். ஊர் ஊராக மாறினார். சட்டை சட்டையாக மாற்றினார். பெரிய லீக் மட்டும் அவரை ஒரு நாளும் கூப்பிடவில்லை. மூட்டு தேய்ந்த பிறகு கோச் ஆனார். ஆனாலும் யாருக்கு அழைப்பு வந்தாலும் ஐஸ் வாளியைத் தூக்கிவந்து அவன் தலையில் முதலில் கவிழ்ப்பவர் அவர்தான்.

இன்று வாளி மூலையிலேயே இருந்தது.

“பார்றா, கிழவரோட வயித்தெரிச்சலை!” என்று எலியேசர் சிரித்தான். “தான் போக முடியாத இடத்துக்கு இன்னொருத்தன் போறான் இல்ல!”

மற்றவர்களும் சிரித்தார்கள். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுக்கும் ஹாஸ்கின்ஸ், இன்று கர்ட்டின் முழங்கையைத் தொட்டார்.

“வா கர்ட். உள்ளே போகலாம்.”

உடை மாற்றும் அறைக்குப் போகும் இருட்டு நடையில் இருவரும் நடந்தார்கள். ஹாஸ்கின்ஸ் முன்னே போனார். அவர் தோள் குலுங்குவது கர்ட்டுக்குத் தெரிந்தது. எட்டி நடந்துபோய் அவர் தோளில் கை போட்டான்.

“அவனுங்க பேசறதை மனசுல வச்சுக்காதீங்க, கோச். நியாயமா உங்களுக்குக் கிடைச்சிருக்கணும். எனக்குத் தெரியாதா?”

“பேசாம வாடா.”

“அழாதீங்க. அங்கே நான் உங்க சட்டை நம்பரைத்தான் கேட்டு வாங்கிப் போட்டுக்கப் போறேன். உங்களுக்கும் மரிபெத்துக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. நீங்க ரெண்டு பேரும் இல்லாம நான் இறங்கவே மாட்டேன்.”

ஹாஸ்கின்ஸ் சட்டென்று நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு மறுபடி நடந்தார்.

அறைக்குள் யாரும் இல்லை. ஹாஸ்கின்ஸ் கதவைச் சாத்தினார். கர்ட் ஓடிப்போய்த் தன் அலமாரியிலிருந்து ஃபோனை எடுத்தான்.

“முதல்ல அவகிட்டத்தான் சொல்லணும். ஆட்டம் பார்க்க இந்நேரம் வந்திருக்கணுமே, எங்கே மாட்டிக்கிட்டாளோ! கேட்டாள்னா வண்டியிலேயே கத்துவா பாருங்க.”

ஹாஸ்கின்ஸ் ஃபோனின் மேல் தன் கையை வைத்து மூடினார்.

“வேண்டாம் கர்ட்.”

“ஏன்? நீங்களே சொல்லணும்னு ஆசையா?” என்று கண்ணீரோடு சிரித்தான் கர்ட். “சரி, நீங்களே சொல்லுங்க!”

ஹாஸ்கின்ஸ் அவனைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார். எதிரே மண்டி போட்டார். தேய்ந்த மூட்டு தரையில் இடித்த வலிகூட அவர் முகத்தில் தெரியவில்லை.

“உன்னைத் தனியாக் கூட்டிட்டு வந்து சொல்லணும்னுதான் வெளியே எடுத்தேன். அதுக்குள்ள அவனுங்க உன்னைத் தூக்கிட்டுக் குதிக்க ஆரம்பிச்சுட்டானுங்க, எனக்கு வாயே வரலைடா...” அவர் அவனுடைய இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். “பெரிய லீக்குலேர்ந்து யாரும் கூப்பிடலை, கர்ட். கூப்பிட்டது நெடுஞ்சாலை போலீஸ். பாலத்துக்கிட்ட ஒரு லாரி மோதி... மரிபெத் போயிட்டாடா.”